கொட்டகையில் நிற்கும் பழைய எம்ஜி: ஸ்பேனருக்கு முன்னால் பேரேடு

செட்டிநாட்டுப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு வண்டிக்கொட்டகையில் போருக்கு முந்தைய கார் ஒன்று நிற்கிறது என்று காதில் விழுந்தால் போதும், எல்லோரும் முதலில் கேட்பது "ஓடுமா?", அடுத்தது "ரெடி பண்ண எவ்வளவு ஆகும்?". வரிசையே தப்பு என்பது என் கட்சி. யார் வாங்கினார், எங்கே பதிவானது, எந்த வருஷம் நின்றது, நின்ற பிறகு யார் யார் கை வைத்தார்கள் என்று தெரியாமல் வேலையைத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சுவது பளபளவென்று ஒரு புதுக் கார், அதுவும் 1930களில் யாருமே செய்யாத மாதிரி ஒரு புதுக் கார். எம்ஜி டிஏ, டிபி மாதிரியான சின்ன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்தே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வகையில்தான் ஆள் பேச்சும் பட்டறை வேலையும் ஒன்றோடொன்று நன்றாகச் சிக்கிக்கொள்கின்றன.

இந்த ஊர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம் ஒட்டாத பண்டம்தான். நகரத்தார் வீடுகளில் அந்தக் காலத்தில் நின்றவை பெரும்பாலும் பெரிய அமெரிக்க வண்டிகள்: பியூக், செவர்லே, டாட்ஜ், ஃபோர்டு. காரணம் எளிது. ஆச்சி, பிள்ளைகள், சமையல்காரர், பெட்டி, தூக்குச்சட்டி எல்லாம் ஏற வேண்டும், கானாடுகாத்தானிலிருந்து தேவகோட்டைக்குச் செம்மண் ரோட்டில் அடி தட்டாமல் போக வேண்டும், அதற்குத் தோதான உயரம் அமெரிக்க வண்டிகளுக்குத்தான் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டதால் கிடைப்பதும் சுலபம். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பேர் மட்டும் உட்காரும், கதவு இடுப்பளவுக்கு வெட்டிய, மேலே துணி டாப்பு மட்டும் போட்ட வண்டி வந்திருக்கிறது என்றால் அதை வாங்கியவர் குடும்பத்துப் பெரியவராக இருக்க வாய்ப்புக் குறைவு. சென்னையில் காலேஜ் படித்துவிட்டு வந்த பையன், கொழும்பிலோ பினாங்கிலோ கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், இப்படி யாரோ. அந்தத் தலைமுறைக்கு இயந்திரத்தின் மேல் ஒரு மயக்கம் இருந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் விமானம் ஓட்டவே லைசென்ஸ் வாங்கியவர், கார் எம்மாத்திரம்.

ஆகவே முதல் தேடல் ஆர்சி புக்கில் அல்ல, பேரேட்டில். ஊர் வீட்டுச் செலவில் எழுதியிருக்கிறதா, வெளியூர்க் கடைக் கணக்கில் எழுதி ஐந்தொகையில், அதாவது கணக்கு முடிப்பில், தள்ளியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விலையைத் தெரிந்துவைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படும்: எம்ஜி டிஏ இங்கிலாந்தில் 222 பவுனுக்கு விற்றது, ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அன்றைக்கு இருந்த மாற்று விகிதத்தில் கிட்டத்தட்ட 2,960 ரூபாய், அதன்மேல் கப்பல் கூலியும் சுங்கமும். கல்யாண ஆல்பங்களையும் விடாதீர்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் ஓரத்தில் தெரியும் நம்பர் பிளேட் ஒன்று, எந்தச் சர்டிபிகேட்டும் சொல்லாததைச் சொல்லிவிடும். காகிதம் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது: அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் அழைப்பிதழும் துண்டுச்சீட்டும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் ஒருத்தர் சேர்த்தார், மற்ற வீடுகளில் பெரும்பாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனது. கார் விஷயத்திலும் இதுதான் கதை.

பதிவு எங்கே நடந்தது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. சிவகங்கை மாவட்டம் 1985ல்தான் பிறந்தது. அதற்கு முன்னால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் ராயவரம், கடியாபட்டி மாதிரி சில புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன, அது 1948 மார்ச்சில் இணையும் வரை தனி ராஜ்ஜியம், தனி நிர்வாகம். மாமனார் வீடு ஒரு பக்கம், சொந்த வீடு மறுபக்கம் என்று இருந்த ஒருவரின் வண்டி எந்தப் பக்கம் பதிவானது என்று தெரியாமல் ஒரே ஆபீஸில் தேடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கிடைக்காது.

வண்டியே சொல்லும் தகவலும் உண்டு. ஆக்ஸ்போர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற விற்பனைக் கடையில் செசில் கிம்பர் என்பவர் தொடங்கிய வேலைதான் எம்ஜி ஆனது, 1929ல் தொழிற்சாலை ஆபிங்டனுக்குப் போனது. அந்தத் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251. ஒவ்வொரு புது மாடலுக்கும் சேஸிஸ் நம்பரை 0251 என்றே தொடங்குவதை ஒரு வழக்கமாக வைத்திருந்தார்கள். டிஏ 1936லிருந்து 1939 வரை சுமார் 3,000 வண்டி, அதற்கு அடுத்து வந்த டிபி போர் குறுக்கிட்டதால் 379 மட்டும். சேஸிஸில் அடித்த நம்பர், தகட்டில் இருக்கும் நம்பர், என்ஜினில் எட்டுமூலைப் பித்தளைத் தகட்டில் இருக்கும் நம்பர் ஆகிய மூன்றையும் தேய்க்காமல், எமரி காகிதம் போடாமல், மண்ணெண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஜி கார் கிளப்பின் டி ரெஜிஸ்டரில் மிஞ்சிய வண்டிகளை நம்பர் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், எழுதிக் கேட்கலாம்.

இனி 1942. இந்த வட்டாரத்துப் பழைய கார்கள் அனைத்துக்கும் அந்த வருஷம் ஒரு சுவர் மாதிரி. அதற்கு முன்பே பணம் இறுகிவிட்டிருந்தது: 1930களில் நெல் விலை விழுந்து, பர்மாவில் வட்டிக்கு விட்ட கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் கை நிலம் பத்து வருஷம் ஆவதற்குள் 25 சதவீதம் ஆனது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ரொக்கம் நிலமாக மாறி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஆகவே 1936க்கும் 1939க்கும் நடுவில் ஒரு வீட்டில் இரண்டு சீட்டு எம்ஜி வாங்கியிருந்தால், அந்தப் பணம் பர்மாவிலிருந்து வந்ததா, இலங்கை, மலாயாவிலிருந்து வந்ததா என்பதே ஒரு நல்ல கேள்வி. அப்புறம் 1941ல் பெட்ரோல் ரேஷன் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பான் கைக்குப் போயின. மலாயா போனதும் உலகத்துக்கே ரப்பர் தட்டுப்பாடு, டயர் கிடையாது. வருமானம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் டயருக்கான ரப்பரும் வந்துகொண்டிருந்தது, இரண்டும் ஒரே அடியில் நின்றன. பஸ்களுக்குக் கரி கேஸ் பிளாண்ட் மாட்டி, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகை வாயுவில் ஓட்டினார்கள், மதுரை டிவிஎஸ்கூட அப்படி ஒன்றைச் செய்து விற்றது. ஆனால் பின்னால் ஒரு கரி அடுப்பைச் சுமக்க இரண்டு சீட்டு எம்ஜியில் இடம் ஏது? கல் வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டு ஓலைப்பாயைப் போர்த்தினார்கள். நிறைய வண்டிகளுக்கு அதுதான் முதல் உறக்கம்.

போருக்குப் பின்னால் கதை இரண்டாகப் பிரிகிறது. சில வண்டிகள் எழுந்திருக்கவே இல்லை, மர பீரோவும் தூணும் போன வழியில் பின்னாளில் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பித்தளை ஹார்னைப் பார்த்தால் அது எந்த வண்டியோடு வந்தது என்று யோசிக்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை. மற்றவை சென்னைக்குப் போய்க் கை மாறின. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாகி, சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட ஆரம்பித்ததும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் திடீரென்று மறுபடி மதிப்பு வந்தது. மதிப்பு என்றால், மட்கார்டைக் கழற்றி, பாடியை வெட்டி, எடையைக் குறைத்துப் பந்தய வண்டியாக மாற்றும் மதிப்பு. அப்படி வெட்டுப்பட்ட ஒரு வண்டி இன்று உங்கள் கையில் வந்தால் எந்த வருஷத்துக்குத் திருப்புவீர்கள்? 1938ல் ஆபிங்டனை விட்டுக் கிளம்பிய நிலைக்கா, 1955ல் சோழவரத்தில் ஓடிய நிலைக்கா? பெரும்பாலானோர் யோசிக்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தயத்தில் ஓடியதற்குப் படமோ அத்தாட்சியோ இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆபிங்டன் நிலையில் நிற்கும் டிஏ உலகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், சோழவரத்தில் ஓடிய வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம்.

சரி, வண்டி ஊரிலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓனர் காலமாகிவிட்டார், பெயர் மாற்றவே இல்லை. வீடு பங்காளிகளுக்குப் பொது, வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் யாருக்குப் பாத்தியதை என்று எல்லோருக்கும் தெரியும், கொட்டகையில் நிற்கும் வண்டியைப் பற்றி மட்டும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி இருக்காது. ஓனர் இறந்தபின் பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸில் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும், வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். இதை வேலை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். துருப்பிடித்த இரும்பாக இருக்கும்போது "நீயே வச்சுக்க தம்பி" என்று சொன்ன அண்ணன், அது பச்சைப் பெயிண்டில் பளபளத்து ஒரு ராலி படத்தில் வந்த மறுநாள் அதே வார்த்தையைச் சொல்ல மாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, வண்டியை ஓட்டிய ஐயா, அதாவது தாத்தா, அவருக்கும்தானே ஐயா.

சட்டம் 2021ல் மாறியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்கு வின்டேஜ் என்று தனிப் பிரிவு. பழைய பதிவு எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மாநில எழுத்துக்குப் பின்னால் விஏ என்று வரும் புது எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டக் கூடாது. கவனிக்க வேண்டிய வரி ஒன்று அதில் இருக்கிறது: சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் மூலத்திலிருந்து பெரிய அளவில் மாறியிருக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என்ஜின் பேச்சு வரும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

இப்போது பட்டறை. கடலோரத்தில் துருதான் எமன். நம் பக்கம் காற்று காய்ந்தது, இரும்பு ஓரளவு தப்பித்துவிடும், ஆனால் கரையான் விடாது. எம்ஜி பாடி முழுக்க இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஆஷ் மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் தகட்டை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். எண்பது வருஷம் செம்மண் தரையில் நின்ற வண்டியின் கதவைத் தட்டிப் பாருங்கள், தகடு நன்றாக இருக்கும், உள்ளே மரம் இருந்த இடத்தில் மண் இருக்கும். ஆஷ் இங்கே கிடைக்காது, இறக்குமதி செய்யலாம், இல்லாவிட்டால் தேக்கு. சுத்தக்காரர்கள் தேக்கு என்றதும் முகம் சுளிப்பார்கள். எனக்குத் தேக்கில் ஆட்சேபம் இல்லை. கரையான் எளிதில் தொடாது, எடையும் ஆஷைவிட அதிகம் இல்லை, இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து நன்றாக ஆறிய பர்மாத் தேக்கு இன்னும் கிடைக்கிறது. சிக்கல் இரண்டு: தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டும் முகத்தை உடனுக்குடன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒட்ட வேண்டும். ஆஷ் அளவுக்கு வளைந்தும் கொடுக்காது, ஆகவே பின்புற வளைவுகளை ஒரே கட்டையில் வளைக்காமல் துண்டுகளாக இணைக்க வேண்டும். நம் ஊர் ஆசாரிகளின் கை வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நிலைக்கதவைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவர்கள் பழக்கம் அசையாத இணைப்பு, கார் பாடிக்கோ கொஞ்சம் அசைந்து கொடுக்கும் இணைப்பு வேண்டும், சேஸிஸே முறுக்கிக்கொண்டுதான் ஓடும். சட்டத்தைச் சேஸிஸ் மேல் உட்கார வைத்து, கதவு இடைவெளி சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே தகடு. தகட்டை முதலில் போட்டுவிட்டுக் கதவைச் செதுக்குபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

என்ஜினில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் மரை. இங்கிலீஷ் வண்டி, ஆகவே பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் மரைதான் என்று லேத் பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். போல்ட் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் சரியாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் தண்டில் இருப்பது மெட்ரிக் மரை! காரணம், மாரிஸ் கம்பெனி 1923ல் கவென்ட்ரியில் வாங்கிய என்ஜின் தொழிற்சாலை ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு அளவு. அவற்றை மாற்றச் செலவு ஆகும் என்று மரையை அப்படியே விட்டுவிட்டு, பிரிட்டிஷ் மெக்கானிக்கிடம் இருக்கும் ஸ்பேனருக்குத் தோதாகத் தலையை மட்டும் மாற்றினார்கள். அதுவும் இன்றைய கடை மெட்ரிக் அல்ல. கடையில் வாங்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25, இதற்கு 1.0. இரண்டு சுற்று சுலபமாகப் போய் அப்புறம் இறுகும், மெக்கானிக் ஒரு குழாயை மாட்டி அழுத்துவார், பிளாக்கில் மரை போய்விடும். ஆகவே கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தின் பேரோடு டப்பாவில் போட்டு வையுங்கள்.

டிஏவின் 1292 சிசி என்ஜினில் கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் ஷெல் கிடையாது, வைட் மெட்டல் என்ற மெதுவான பேரிங் உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றி, கடைந்து எடுக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. கிளட்சும் விசித்திரம், கார்க் பதித்த தட்டு எண்ணெயில் மிதந்து ஓடும். டிபியில் இரண்டையும் விட்டுவிட்டார்கள், 1250 சிசி என்ஜின், ஷெல் பேரிங், உலர்ந்த கிளட்ச்.

இந்த 1250 சிசி என்ஜினுக்கு நம் நாட்டில் ஒரு உறவுக்காரர் உண்டு. மாரிஸ் டென் சீரிஸ் எம் என்ற குடும்பக் காரின் 1140 சிசி என்ஜினும் இதுவும் ஒரே வமிசம், அந்த மாரிஸ் டென்னைத்தான் இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஹிந்துஸ்தான் டென் என்று விற்றது. 1950களில் இறக்குமதி இறுகி ஸ்பேர் கிடைக்காமல் போனபோது, டிபி ஒன்றில் பிளாக் உடைந்திருந்தால் ஹிந்துஸ்தான் டென் என்ஜினைத் தேடிப் பொருத்தியவர் நாட்டுவைத்தியம் செய்யவில்லை, விஷயம் தெரிந்து செய்திருக்கிறார். இன்று அதே வண்டியை வாங்கும் ஒருவர் முதல் வேலையாக அந்த என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து எவருடையதோ ஒரு எம்ஜி என்ஜினை வரவழைப்பார். அது அந்த வண்டியின் என்ஜினும் அல்ல, ஆர்சி புக்கில் இருக்கும் எண்ணும் அல்ல. ஹிந்துஸ்தான் என்ஜின் எண் 1950களிலேயே ஆர்சியில் ஏறியிருந்தால், 2021 விதியின்படி பதிவுக்குப் போகும்போது கேள்வி வருவது புது "சரியான" என்ஜினுக்குத்தான். யார் எப்போது மாற்றினார் என்று தெரிந்திருந்தால் இந்தச் செலவும் இல்லை, தலைவலியும் இல்லை. உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: வண்டி ஓடிய காலத்தில் நடந்த மாற்றமும் அதன் வரலாறுதான், புதிதாகப் போடும் பாகத்தில் புதுசு என்று தெரிய அடையாளம் போடு.

பெயிண்ட், குரோமியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு அடித்தது நைட்ரோ செல்லுலோஸ், நம் பெயிண்டர்கள் டூக்கோ என்று சொல்வது. இன்றைய பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஈரம் சொட்டுவது போல் மின்னும், 1938ல் எந்தக் காரும் அப்படி மின்னவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழோ சீட்டுக்குப் பின்னாலோ பழைய நிறம் ஒரு உள்ளங்கை அளவு மிஞ்சியிருக்கும், அதைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். துருவையும் முலாமையும் ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம், மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் காரைக்குடியிலேயே 1953லிருந்து இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் ரேடியேட்டர் கூட்டுக்கு நிக்கல் அடிப்பூச்சு இல்லாமல் குரோமியம் ஏற்றி ஆறு மாசத்தில் உரிய விடுவது அநியாயம்.

சக்கரத்தில் மட்டும் விளையாடாதீர்கள். கம்பிச் சக்கரம், நடுவில் ஒரே பெரிய நட்டு, இடப்பக்கத்துக்கு ஒரு திசை மரை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசை. ஓட ஓடத் தானே இறுகுவதற்காக அப்படி. ஹப்பை இடம் மாற்றிப் பூட்டினால் ஓட ஓடக் கழலும், திருப்பத்தூர் ரோட்டில் உங்களுக்கு முன்னால் உங்கள் சக்கரம் போகும். 19 இஞ்ச்தானே என்று புல்லட் டயரை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மோட்டார் சைக்கிள் டயர் சாய்ந்து திரும்புவதற்குச் செய்தது, காரின் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது.

எல்லாம் முடிந்து வண்டி நின்றால் பங்கிலிருந்து வரும் பெட்ரோல் அடுத்த வம்பு. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் குழாயை ஊற வைத்து மிருதுவாக்கும், ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ராலிக்கும் கண்காட்சிக்கும் மட்டும் எடுப்பதாக இருந்தால், திரும்பி வந்ததும் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். அப்புறம், கொட்டகைத் தரைக்குக் கரையான் மருந்து அடித்தாச்சா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு உள்ளே விடுங்கள், தேக்குச் சட்டம்தான் தப்பிக்கும், பழைய ஆஷ் துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன.